கவனக்குறைவு யாருடையது?

சில திங்களுக்கு முன் எங்கள் பகுதிக் கிளைக் கூட்டம் நடந்தது. தீர்மானம் படிக்கப்பட்டது. "ஆதரிப்போர் கை தூக்குக" என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன. அந்தக் கைகளிடையே ஒரு கை என் கண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டது. வலது கை. கட்டை விரல் இருந்தது. மோதிர விரலும் சிறு விரலும் இருந்தன. இடையில் இருக்க வேண்டிய இரண்டும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த இளைஞரைத் தனியே அழைத்துத் தேநீர்க் கடையில் அமர்த்திக் கேட்டேன். மோட்டார் உதிரிப் பாகம் செய்யும் ஓர் ஆலையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். தகட்டை உள்ளே வைக்க வேண்டும். இரு பக்கமும் உள்ள இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போதுதான் அச்சு இறங்கும். இரு கையும் பொத்தான்மீது இருக்கும்போது விரல் அச்சுக்குள் இருக்க முடியாது. இது இயந்திரத்தைச் செய்தவன் வைத்த காவல்.

"பிறகு எப்படியப்பா விரல் போயிற்று?" என்றேன்.

"ஒரு பொத்தானை ஒட்டுநாடா போட்டு அமுக்கியே வெச்சிருந்தோம் அண்ணே. அப்பத்தான் ஒரு கையால தகட்டை வைக்கலாம், மறு கையால அழுத்தலாம். மணிக்கு இத்தனை பீஸ்னு கணக்கு. ரெண்டு கையையும் வெச்சிக்கிட்டிருந்தா அந்தக் கணக்கு வராது."

"மேற்பார்வையாளருக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

அன்று அச்சு ஒரு முறைக்கு இரு முறை இறங்கிவிட்டது. பிறகு விசாரணை அறிக்கை வந்தது. அதிலே காரணம் என்ற இடத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: தொழிலாளியின் கவனக்குறைவு. அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். எந்தக் கையால்? இடக்கையால்! வலக்கையில் கட்டு இருந்ததல்லவா?

தோழர்களே, அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். விரலைப் பறித்தது இயந்திரம். அதற்குப் பிறகு நியாயத்தைப் பறித்தது அந்த இரண்டு சொற்கள். நாட்டில் எந்த ஆலையில் எவன் கை போனாலும், கால் போனாலும், உயிரே போனாலும், முதலில் ஓடி வந்து உட்காருவது அந்தச் சொற்கள்தாம். அவை எங்கிருந்து வந்தன? யாருக்குப் பயன்படுகின்றன?

எண்பத்தெட்டு என்ற மந்திரம்

1931-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஹைன்ரிக் என்பார் தொழில் விபத்துத் தடுப்பு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் பணியாற்றியது எங்கே? ஓர் இன்ஷூரன்சு கம்பெனியிலே! பல்லாயிரக்கணக்கான விபத்துக் குறிப்புகளை ஆராய்ந்ததாகக் கூறி, ஒரு கணக்குத் தந்தார்: நூற்றுக்கு 88 விபத்து ஆள் செய்யும் தவறான செயலால், 10 விபத்து இயந்திரம், இடம் முதலியவற்றின் கேட்டால், மீதி 2 தவிர்க்க முடியாதவை.

அன்று பிறந்த அந்த 88, கடல் கடந்து, மலை கடந்து, இன்றுவரை ஆலை நிர்வாகங்களின் பயிற்சி வகுப்புகளிலே பாராயணம் செய்யப்படுகிறது. ஆனால், அந்தக் குறிப்புகள் யார் எழுதியவை என்று கேட்க வேண்டாமா? இன்ஷூரன்சு கம்பெனியின் கோப்புகளும், ஆலை உடைமையாளர்களின் பதிவேடுகளும்! அதாவது, விரலை இழந்தவன் எழுதியதல்ல. விரல் போனதற்கு விடை சொல்ல வேண்டியவன் எழுதியது. திருட்டு நடந்த வீட்டில், திருடியவனையே குறிப்பெழுதச் சொன்னால், "வீட்டுக்காரர் கதவைச் சரியாகத் தாழிடவில்லை" என்றுதானே எழுதுவான்?

மனிதன் தவறு செய்வதே இல்லையா? செய்வான். இரவு ஷிப்டில் மூன்று மணிக்குக் கண் சொக்கும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நினைவு அங்கே போகும். எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்யும் கை, ஒன்பதாவது மணி நேரத்தில் பிசகும். மனித இயல்பு அது. அந்த இயல்பை மறுப்பாருண்டா? இல்லை. ஆகவேதான் கேட்கிறோம் — மனிதன் தவறுவான் என்பது தெரிந்திருந்தும், அந்த ஒரு தவறுக்கு விலை ஓர் உயிர் என்று இருக்கும்படி ஆலையைக் கட்டியவன் எவன்? அவனுடைய கவனம் எங்கே போயிற்று?

போபால் சொல்லும் பாடம்

இதற்கு விடை காண வேண்டுமானால் போபாலுக்குப் போக வேண்டும். 1984, டிசம்பர் 2 இரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை. மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுப் பொருள் நாற்பது டன்னுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டிருந்த 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. கொதித்தது, பொங்கியது, வெளியேறி ஊரின்மீது கவிழ்ந்தது. உறக்கத்திலிருந்த மக்கள் விழித்தனர்; மூச்சுத் திணறினர்; ஓடினர்; ஓடிய இடத்திலே விழுந்தனர்.

முதலில் அரசு சொன்ன கணக்கு 2,259 உயிர். பின்னர் மத்தியப் பிரதேச அரசு 3,787 என்றது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கூறும் எண்ணிக்கையோ பல மடங்கு. நச்சுக் காற்றுக்கு ஆளானவர் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

கம்பெனி என்ன சொல்லிற்று? யாரோ மனக்கசப்புற்ற ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர் விட்டான் என்று சொல்லிற்று! ஆம், தோழர்களே! ஒரு நகரமே சுடுகாடாகிக் கிடந்தது. அந்தச் சுடுகாட்டின் நடுவே நின்றுகொண்டும் சுட்டு விரல் தொழிலாளியை நோக்கித்தான் நீண்டது.

சரி, ஒரு வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். தண்ணீர் எப்படியோ புகுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தடுத்து நிறுத்த ஆலையிலே ஒன்றன்பின் ஒன்றாகப் பல காவல்கள் இருந்தனவே, அவை என்ன ஆயின?

அந்தப் பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஒரு குளிரூட்டும் இயந்திரம் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக, 1984 ஜூன் முதலே அதை நிறுத்தி வைத்திருந்தனர். வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடாவால் கழுவி அழிக்க ஒரு கோபுரம் இருந்தது. அது இயங்காமல் கிடந்தது. கழுவியும் மிஞ்சும் வாயுவை எரித்துவிட இன்னொரு கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு அரித்துப் போனதால் கழற்றி வைத்திருந்தனர். மாற்றுக் குழாய் பொருத்தப்படவில்லை. வாயுவின்மீது நீரைப் பாய்ச்சும் ஏற்பாடு இருந்தது. வாயு வெளியேறிய உயரத்துக்கு அந்த நீர் எட்டவில்லை.

எண்ணிப் பாருங்கள்! ஒரு வீட்டுக்கு நான்கு கதவு, நான்கு பூட்டு. ஒன்றின் சாவியை எடுத்துவிட்டான். ஒன்றைத் திறந்து போட்டான். ஒன்றைக் கழற்றியே வைத்துவிட்டான். நான்காவது கதவு நிலையைவிடக் குட்டை. இவ்வளவும் செய்துவிட்டு, காவல்காரன் கண்ணயர்ந்தான் என்று வழக்குப் போடுகிறான்!

காவல்காரன் நிலைதான் என்ன? அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் ஆறு பேர் ஆக்கினர். இயக்கும் முறைகளைச் சொல்லும் ஏடுகள் ஆங்கிலத்திலே இருந்தன. அதைப் படிக்க வேண்டியவரில் பலருக்கு இந்திதான் தெரியும்.

தொழிலாளிக்கு ஆபத்துத் தெரியாமல் இருந்ததா? தெரிந்திருந்தது! 1981 டிசம்பரில், அதே ஆலையில், பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவுக்கு ஒரு தொழிலாளி பலியானார். அடுத்த ஆண்டு தொழிற்சங்கத்தார் சுவரொட்டி அச்சடித்து ஊரெங்கும் ஒட்டினர் — ஆயிரக்கணக்கான தொழிலாளரின் உயிரும் ஊர் மக்களின் உயிரும் ஆபத்தில் உள்ளன என்று. அதே 1982-இல் கம்பெனியின் அமெரிக்கத் தலைமை நிலையமே நிபுணர்களை அனுப்பிச் சோதித்தது; அவர்களும் குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தனர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் ஊரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். சங்கம் சொன்னது, நிபுணர் சொன்னார், பத்திரிகை சொன்னது. கேட்க வேண்டிய காது மட்டும் கேட்கவில்லை.

முடிவு? 1989-இல் 47 கோடி டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தனர். 2010 ஜூனில், இருபத்தைந்து ஆண்டு கழித்து, இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்கத் தலைவர் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றக் கூண்டில் ஏறாமலே 2014-இல் இறந்தார். 2023 மார்ச்சில், கூடுதல் ஈடு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நாற்பது ஆண்டுக்கு முந்தைய கதை, இன்று யார் அப்படி இருப்பார்கள் என்பீர்களோ? 2020 மே 7. விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி விடியற்காலையில் ஊருக்குள் பரவி, 12 பேரைக் கொன்றது. ஊரடங்கில் ஆலை நின்றிருந்த நாட்களில் தொட்டி சூடேறியது. அதைக் குளிர வைக்கவும், பொருள் தன்னாலே வினைபுரியாமல் தடுக்கவும் வேண்டிய ஏற்பாடுகள் போதவில்லை. அபாயச் சங்கு இருந்தும் ஊதப்படவில்லை. போபாலில் படிக்காத பாடத்துக்கு விசாகப்பட்டினத்தில் தண்டனை!

அதே 2020 மே 7 அன்றுதான், நம் நெய்வேலியில் இரண்டாவது அனல் மின் நிலையத்திலே கொதிகலன் வெடித்தது. இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. அன்று அந்த இடத்திலேயே மாண்டவர் ஆறு பேர். மருத்துவமனையில் மாண்டவர் பலர். முதல் வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே இருந்த நாட்களில் கவனக்குறைவாக இருந்தது யார்? கொதிகலனருகே நின்றவனா?

தலைக்கவசம் கடைசிக் காவல்

ஆண்டுதோறும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். 1966-இல் தேசியப் பாதுகாப்புக் குழு அமைந்த நாள் அது. ஆலை வாயிலிலே கொடி ஏறும், சட்டையிலே சின்னம் குத்துவார்கள், உறுதிமொழி எடுப்போம், மிட்டாய் தருவார்கள். நல்லது, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த உறுதிமொழியை ஊன்றிப் படித்தால், எடுப்பவன் தொழிலாளி, எடுக்கச் சொல்பவன் நிர்வாகி. தொழிலாளி "கவனமாக இருப்பேன்" என்கிறான். "ஆபத்தை அகற்றுவேன்" என்று நிர்வாகம் உறுதி எடுக்கும் விழாவை எங்கேனும் கண்டீர்களா?

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி என்று நினைக்கப் பழக்கிவிட்டார்கள். பாதுகாப்பு அறிவியல் சொல்வது வேறு. அது ஓர் ஏணி போன்றது. மேல் படி: ஆபத்தான பொருளையே அகற்று, அல்லது குறை. நாற்பது டன் நஞ்சைத் தேக்காமல் வேண்டும்போது வேண்டிய அளவு செய்திருந்தால் போபாலில் கசிய நாற்பது டன் இருந்திராது! இரண்டாம் படி: கொடியதற்குப் பதில் தீங்கு குறைந்ததைப் பயன்படுத்து. மூன்றாம் படி: இயந்திரத்துக்கு வேலி போடு, கை உள்ளே இருந்தால் ஓடாதபடி செய், தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சு. நான்காம் படி: வேலை முறை, பயிற்சி, எச்சரிக்கை. ஐந்தாவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் தலைக்கவசமும் கையுறையும்!

நிர்வாகத்தார் ஏணியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ஏன்? மேல் படிக்குச் செலவு அதிகம். கீழ்ப் படிக்குச் செலவு குறைவு. அதோடு, கீழ்ப் படியில் தவறு நடந்தால் பழி தொழிலாளிமீது. மேல் படியில் தவறு நடந்தால் பழி முதலாளிமீது. இதுதான் இரகசியம்.

ஒரு காகிதம் காக்கும் உயிர்

தோழர்கள் சிலர், "பெர்மிட்டாவது காகிதமாவது, அதெல்லாம் வேலையை இழுத்தடிக்க" என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன்.

1988, ஜூலை 6. பிரிட்டனுக்கு அருகே வட கடலில், பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் எடுக்கும் மேடை. அங்கே இரண்டு பம்புகள். ஒன்றன் அழுத்த வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தனர். அந்த இடத்தை ஒரு மூடியால் தற்காலிகமாக அடைத்திருந்தனர். பகல் ஷிப்டு போயிற்று. இரவு ஷிப்டு வந்தது. வால்வு கழற்றியிருக்கிறது என்ற செய்தி மட்டும் கைமாறவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றது. வால்வு இல்லாத பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்தது, வெடித்தது. மாண்டவர் 167 பேர்.

கல்லன் பிரபு தலைமையில் விசாரணை நடந்து, 1990-இல் அறிக்கை வந்தது. ஒரு தொழிலாளியைப் பிடித்துக் கூண்டில் ஏற்றும் அறிக்கையல்ல அது. அனுமதிச் சீட்டு முறை ஏன் ஓட்டையாகிக் கிடந்தது, நிர்வாகம் அதை ஏன் கவனிக்கவில்லை என்று துருவியது. 106 பரிந்துரைகளைத் தந்தது. ஆபத்துகளை ஆராய்ந்து, காவல் போதுமானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கம்பெனியின் தோளிலே ஏற்றியது. விசாரணை என்றால் அப்படி இருக்க வேண்டும்!

பாடம் என்ன? பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி வேலை செய்பவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். "ஆள் வேலையில், ஓட்டாதே" என்று அட்டை தொங்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து கடைசிப் பூட்டைத் திறக்கும்வரை அந்த இயந்திரம் செத்த இயந்திரம்.

தொட்டிக்குள், குழிக்குள், கழிவுநீர்க் கிணற்றுக்குள் இறங்கும் வேலையோ இன்னும் கொடியது. காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு, அது 19.5-க்குக் கீழே போனால் அந்த இடம் ஆகாத இடம். அதைக் கண்ணால் காண முடியாது, மூக்கால் அறிய முடியாது, கருவிதான் சொல்லும். கருவி வைத்துப் பார்க்காமல் ஒருவன் இறங்குகிறான், மயங்கி விழுகிறான். "ஐயோ, அண்ணன் விழுந்துட்டாரே!" என்று இன்னொருவன் குதிக்கிறான், அவனைத் தூக்க மூன்றாமவன். பாசமே பகையாகி, ஒரு சாவு மூன்று சாவாகிறது. காற்றைச் சோதிக்காமல், இடுப்பில் கயிறில்லாமல், மேலே ஓர் ஆள் நில்லாமல் எவரும் இறங்கலாகாது. விழுந்தவரைக் காக்கவும் வெறுங்கையோடு இறங்கலாகாது. கல்லிலே செதுக்கி வைக்க வேண்டிய விதி இது.

இந்த வேலைகளுக்கெல்லாம் இறக்கப்படுவது யார்? நிரந்தரத் தொழிலாளியா? பெரும்பாலும் இல்லை. ஒப்பந்தக்காரர் நேற்று அழைத்து வந்த ஆள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தவன். தமிழில் எழுதிய பலகை அவனுக்குப் படிக்கத் தெரியாது. போபால் தொழிலாளிக்கு ஆங்கில ஏடு எப்படியோ, அப்படி. தோழர்களே, நம் மொழிக்காகக் களம் கண்டவர்கள் நாம். தாய்மொழியில் அறியும் உரிமையின் அருமை நமக்குத் தெரியும். அவனுக்கு அவன் மொழியில் ஆபத்தைச் சொல்லக் கேட்பதும் நம் கடமையே! மேலும், அவன் தவறினால் வெடிப்பது அவன் மட்டுமா? பக்கத்தில் நிற்கும் நாமும்தானே?

நம் பக்கத்துக் குற்றம்

எதிரியின் குற்றத்தை மட்டும் பேசிவிட்டுப் போவது எளிது. நம் பக்கத்தையும் பார்ப்போம்.

பேச்சுவார்த்தை மேசையிலே உட்காருகிறோம். புகை மண்டிய பிரிவு. இரைச்சலால் காது போகும் பிரிவு. என்ன கேட்கிறோம்? "ஆபத்துப் படி" கேட்கிறோம். திங்களுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேரம் பேசிப் பெற்றுவிட்டால், வெற்றி என்று வாயிற்கூட்டம் போடுகிறோம். வெற்றியா அது? நுரையீரலைத் தவணை முறையில் விற்ற கணக்கல்லவா? படி கேட்பது தவறல்ல. படியோடு நின்றுவிடுவதுதான் தவறு. புகையை அகற்று என்பது முதல் கோரிக்கையாகவும், அகற்றும்வரை படி கொடு என்பது இரண்டாவது கோரிக்கையாகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று: வீரம் பேசுவது. "பெல்ட் கட்டிக்கிட்டு ஏறுறவன் ஆம்பளையா?" என்று கேலி செய்வோர் நம்மிலும் உண்டு. ஊக்கத்தொகை கூடும் என்று வேலியைக் கழற்றுவோரும் உண்டு. ஒட்டுநாடா போட்ட கையில் நம் கையும் இருந்ததை அந்த இளைஞரே ஒப்புக்கொண்டாரே! ஆனால் அந்த ஒட்டுநாடாவை ஒட்டச் செய்தது எது? மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு. விதி ஒன்று சுவரில் தொங்குகிறது. அந்த விதிப்படி நடந்தால் எட்ட முடியாத இலக்கு பலகையில் எழுதப்படுகிறது. இரண்டையும் வைத்தவன் ஒருவனே. ஆகவே நம் சங்கம் இலக்கைப் பேசாமல் பாதுகாப்பைப் பேசினால் அது பாதிப் பேச்சு.

வேலை நேரமும் அப்படியே. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. கூலிக்காக மட்டும் எழுந்த குரலா அது? பன்னிரண்டாவது மணி நேரத்தில் பிரஸ் மெஷின் முன் நிற்கும் விரலுக்காகவும் எழுந்த குரல்!

சட்டம் தந்தது, சட்டம் பறித்தது

இயந்திரத்துக்கு வேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. தொட்டிக்குள் இறங்கும் முறையை 36-ஆம் பிரிவு சொன்னது. போபாலில் ஆயிரமாயிரம் பிணம் விழுந்த பின், 1987-இல் அந்தச் சட்டத்தில் ஓர் இயலே சேர்த்தனர். ஆபத்தான பொருள் எது என்பதைத் தொழிலாளிக்கும் ஊருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆபத்தான தொழில் நடக்கும் ஆலையில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உள்ள பாதுகாப்புக் குழு வேண்டும். உடனடி ஆபத்து என்று தொழிலாளி அஞ்சினால் எச்சரிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒரு போபால் குடும்பத்தின் கண்ணீரால் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

இப்போது, 2025 நவம்பர் 21 முதல், அந்தச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கிய புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்துள்ளது. அதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டோம். பாதுகாப்பு அதிகாரி 1,000 பேர் உள்ள ஆலைக்கு என்றிருந்தது 500 ஆகியிருக்கிறது. உடனடி ஆபத்தை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமை இருக்கிறது. சாவு நேர்ந்தால் விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது.

மறுபக்கம் என்ன? மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை, 20 என்றும் 40 என்றும் உயர்ந்துவிட்டது. சந்து பொந்துகளில் உள்ள சிறு பட்டறைகளில் எத்தனை 'தொழிற்சாலை' என்ற பெயரையே இழக்கும்? விரல் வெட்டும் பிரஸ் மெஷின் அங்கேதானே அதிகம்? பாதுகாப்புக் குழு, ஆபத்தான ஆலையிலே சட்டமே நேராகக் கட்டளையிட்டது போய், அரசு ஆணை போட்டால் அமையும் என்றாயிற்று. ஆய்வாளர் என்ற பெயரோடு 'வசதி செய்து கொடுப்பவர்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. யாருக்கு வசதி? கேட்காமல் இருக்க முடியுமா?

வங்கி வரவில்லை, தையலாள் வந்தாள்

சட்டம் இருந்தாலும் சங்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வங்கதேசம் சொல்லும். 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்கா அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் சுவரிலும் தூணிலும் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் ஒரு வங்கி இருந்தது, கடைகள் இருந்தன. மறுநாள் வங்கி மூடிக் கிடந்தது, ஊழியர் வரவில்லை. மேல் மாடிகளில் இருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். மறுத்தால் கூலி போகும். வந்தார்கள். காலையிலேயே கட்டடம் சரிந்தது. பிணமாக எடுக்கப்பட்டவர் 1,134 பேர்.

விரிசல் ஒன்றுதான், அதைக் கண்டவர் எல்லோரும்தான். வேண்டாம் என்று சொல்லும் வலிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. அந்த வலிமைக்குப் பெயர்தான் சங்கம்.

அதற்குப் பின் உலகத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி, பெரிய ஆடை நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட வைத்தன. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. பாதுகாப்புக் குழுக்கள் அமைந்தன. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் எழுத்தில் ஏறியது. ஆயிரம் பிணம் விழுந்த பின் வந்தது, உண்மை. ஆனால் வந்தது! போராடினால் வரும் என்பதற்குச் சான்று அது.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே, ஆலையில் உள்ள தோழர்களுக்குச் சில சொற்கள்.

உங்கள் ஆலையில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்று நாளையே கேளுங்கள். இருந்தால், தொழிலாளர் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுத்தது, கடைசிக் கூட்டம் என்று, அதன் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால், வேண்டும் என்று எழுத்திலே கோருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். விபத்தை மட்டுமல்ல, மயிரிழையில் தப்பியதையும் அதில் எழுதுங்கள்: எந்த நாள், எந்த ஷிப்டு, எந்த மெஷின், என்ன நடந்தது, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார். கிரேன் கொக்கி இன்று ஆளில்லாத இடத்தில் விழுந்தால் அது செய்தியல்ல. நாளை ஆள்மீது விழும்போதுதான் செய்தி. இன்று எழுதினால் நாளைய செய்தி வராமற் போகும். வந்தாலும், கவனக்குறைவு யாருடையது என்று அந்தப் புத்தகம் பேசும். போபாலின் சுவரொட்டி இன்றும் பேசுகிறதல்லவா?

வாயால் சொன்ன எச்சரிக்கை காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும், வடநாட்டுத் தோழனையும் அந்தப் புத்தகத்துக்குள் கொண்டு வாருங்கள். அவன் விரலும் விரல்தான். விபத்து நடந்தால் வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத அறிக்கையிலோ எவரும் கையெழுத்திட விடாதீர்கள். "ஏன் விழுந்தான்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள், "விழும்படி ஏன் இருந்தது?" என்று கேளுங்கள்.

படிப்பகங்களில் திங்களுக்கு ஒரு மாலை இதற்கென ஒதுக்குங்கள். உலக அரசியல் பேசும் நாம், நம் ஆலையின் தொட்டியில் இருக்கும் பொருளின் பெயரையும் அறிந்திருக்க வேண்டாமா?

அந்த இளைஞர் இப்போது வேறோர் ஆலையில் இருக்கிறார். அங்கே அவர் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர். புதிதாகச் சேரும் பையன்களிடம் அவர் நீண்ட சொற்பொழிவு செய்வதில்லையாம். வலக்கையை விரித்துக் காட்டுவார். பிறகு மெஷினருகே அழைத்துப் போய், இரண்டு பொத்தானையும் தொட்டுக் காட்டி, "இதுல எதையாச்சும் ஒட்டி வெச்சிருந்தா, யாரு ஒட்டினதுன்னு கேக்காதே, மெஷினை நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு" என்பாராம்.

தோழர்களே! அடுத்த கூட்டத்திலும் தீர்மானம் வரும். கை தூக்கச் சொல்வார்கள். உயரும் ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல் இருக்க வேண்டும். அதற்கு உழைப்பதைவிடப் பெரிய தீர்மானம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.